ஆறு மணிக்கு வரவேண்டிய மந்திரி

தூதரகத்தில் அவளுக்கு 'நிமிஷம்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துப் புழங்க யாருக்கும் தோன்றவில்லை. வாசல் காவலர் முதல் தூதர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் நிமிஷம் மேடம்தான்.

காரணம் இல்லாமலா வைப்பார்கள்? சொந்த நாட்டிலிருந்து பெரிய மனிதர் யாராவது அரசு முறைப் பயணமாக வந்தால், அவர் விமானப் படியில் கால் வைப்பதிலிருந்து திரும்ப ஏறிக் கதவு மூடுகிற வரைக்கும் யார் எங்கே நிற்பது, யார் முதலில் கை கொடுப்பது, பூங்கொத்தை வாங்கி யார் கையில் தள்ளிவிடுவது என்று நிமிஷ வாரியாக எழுதி வைப்பது அவள் வேலை. '6.00 – மந்திரி காரிலிருந்து இறங்குகிறார். 6.01 – தூதர் கை கொடுக்கிறார். 6.02 – தூதரின் மனைவி வணக்கம் சொல்கிறார்.' இப்படி ஒன்பது பக்கம். மந்திரி தும்மினால்கூட அது எந்த வரியில் வருகிறது என்று தேடுகிற ஆள்.

அவள் வாயில் ஓயாத ஒரு மந்திரமும் உண்டு. "எதுக்கும் கையில ஒரு பத்து நிமிஷம் வச்சுக்கோங்க." டிரைவரிடம் சொல்வாள், பூக்கடைக்காரரிடம் சொல்வாள், சமையல்காரரிடம் சொல்வாள், தொலைபேசியில் கட்டின புருஷனிடமும் சொல்வாள்.

புருஷன் என்றதும் நினைவு வருகிறது, அவரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. அவர் சொந்த நாட்டில் வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர். இவள் இங்கே, அவர் அங்கே, நடுவில் ஒரு கடல். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் பதினோரு மாதம். யார் எண்ணியது என்று கேட்கவேண்டாம்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. கணவன் மனைவி இருவரும் அமைச்சகத்துப் பணியாளர்கள் என்றால் ஒரே ஊரில் வேலை கேட்டு விண்ணப்பிக்கலாம். இருவரும் தூதரின் கண்ணெதிரே ஒன்றாக நின்று கையெழுத்துப் போடவேண்டும். தூதர் சான்று எழுத வேண்டும். முத்திரை விழுந்து, பதினெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்குள் பதிவு அறையிலிருந்து விண்ணப்பம் போய்விட வேண்டும். தவறினால் மறுபடி மூன்று வருஷம் கழித்துத்தான்.

பதினெட்டாம் தேதி! மந்திரி வருகிற நாளே அதுதான். மந்திரியோடு மொழிபெயர்ப்பாளராக யார் வருகிறார் என்று பட்டியலைப் பார்த்தவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தாள். அப்புறம் தான் எழுதிய ஒன்பது பக்கத்தையும் புரட்டினாள், குளிர்ந்த உச்சி சூடாகிவிட்டது.

மதியம் விமான நிலையம். வரவேற்க ஐந்து பேர்தான் போகலாம். ஆறாவதாகத் தன் பேரை எழுதி, தானே அடித்திருந்தாள். பிறகு நகரத்தின் மறு கோடியில் மூன்று மணி நேரப் பேச்சுவார்த்தை. மொழிபெயர்ப்பாளர் மந்திரியின் தோளைவிட்டு ஒரு அடி நகர முடியாது. மாலை ஆறு மணிக்குத் தூதர் இல்லத்தில் வரவேற்பு. அங்கேயும் வெளிநாட்டு விருந்தினர்கள் சூழ, அதே தோள், அதே ஒரு அடி. ஏழரைக்கு நேரே விமானம். அவளே எழுதிய ஒன்பது பக்கத்தில் அவள் புருஷனுக்கு ஒரு நிமிஷம் இல்லை.

நாத்தனார் ஃபோனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கறீங்க. எங்க அண்ணனுக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அது மந்திரியோட நேரம்மா. அதுல என் வீட்டு வேலையை நுழைச்சா திருட்டு மாதிரி."

"சரி, அந்த லிஸ்ட்ல எங்க அண்ணன் எத்தனாவது?"

"பதினாலாவது."

"கட்டின புருஷன் பதினாலாவதா! அடப்பாவமே, உங்க வரிசையில தீய வைக்க!"

நிமிஷம் ஃபோனை வைத்தாள். வரவேற்பில் யார் எங்கே உட்காருவது என்று போட்ட மேசை வரைபடத்துக்கு அடியில் விண்ணப்பத்தைச் செருகி வைத்தாள். தினமும் வரைபடத்தை எடுக்கும்போது அதையும் ஒரு தரம் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், மறுபடி செருகுவாள்.

பதினெட்டாம் தேதியும் வந்தது.

மாலை ஐந்து இருபத்தைந்து. தூதர் இல்லத்து வாசலில் சிவப்புக் கம்பளம் பாதி விரிந்து பாதி சுருண்டு கிடந்தது. கொடிகள் இரண்டும் கம்பத்தில் சரியாக இருந்தன; எது வலது, எது இடது என்று மூன்று தடவை பார்த்திருந்தாள். பூ ஜாடிகள் படிக்கட்டில் வரிசையாகக் காத்திருந்தன. பேச்சுவார்த்தையிலிருந்து முன்னதாகக் கிளம்பி வந்த தூதர் மாடியில் குளிக்கப் போயிருந்தார். தூதரின் மனைவி தலைவாரிக் கொண்டிருந்தார். விருந்தினர்களுக்கு ஐந்தே முக்காலுக்குத் தோட்டத்து வழியாக அழைப்பு. எல்லாம் அளவோடு நடந்துகொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. மந்திரியின் காருக்கு முன்னால் போகிற காரின் டிரைவர்.

"மேடம், வந்துட்டோம்."

"எங்க வந்துட்டீங்க?"

"பூக்கடைகிட்ட மேடம்."

பூக்கடை வாசலிலிருந்து கூப்பிடு தூரம்.

நடந்தது இதுதான். அந்த வழி நிஜத்தில் இருபது நிமிஷம். டிரைவர் அவள் சொன்னபடி கையில் பத்து வைத்துக்கொண்டு முப்பது என்றார். அவள் தன் பங்குக்குப் பத்து வைத்து நாற்பது என்று எழுதினாள். மந்திரி எப்போதும் பத்து நிமிஷம் பிந்துவார் என்று அறிந்த மொழிபெயர்ப்பாளர், மனைவி சொல் தட்டாதவர், கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிஷம் முன்தள்ளிச் சொன்னார். என்ன அதிசயமோ, இன்றைக்குப் பார்த்து மந்திரி சொன்ன நேரத்துக்கு எழுந்துவிட்டார். போலீஸ்காரர்கள் தங்கள் பங்குக்கு எல்லாச் சிக்னலையும் பச்சையாக்கிவிட்டார்கள். ஆறு மணிக்கு வரவேண்டிய மந்திரி ஐந்தரைக்குள் வந்து நிற்கிறார். அத்தனை பத்தும் அவள் கற்றுக்கொடுத்த பத்து!

பிந்தினால் மன்னிப்புக் கேட்கலாம். முந்தினால்? அழைத்தவர் கை கொடுக்க வாசலில் வந்து நிற்காமல் முதன்மை விருந்தினர் காரிலிருந்து இறங்கக்கூடாது. அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அழைத்தவரோ மாடியில் சோப்போடு நிற்கிறார்.

"நிக்காதீங்க! சுத்துங்க!" என்று கத்தினாள்.

"எதைச் சுத்தறது மேடம்?"

"தெருவை! மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், பூங்கா, மறுபடி பூக்கடை. நான் சொல்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருங்க."

ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். ஆறு கறுப்புக் கார்கள், முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள், கொடி படபடக்க வாசலைத் தாண்டிப் போயின. இரண்டாவது காரின் முன் இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மூக்கு, ஒரு கண், அரைச் சிரிப்பு. இரண்டு விநாடி, அவ்வளவுதான், கார் மருந்துக்கடைப் பக்கம் திரும்பிவிட்டது.

அவள் மாடிக்கு ஓடினாள். குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"சார், சீக்கிரம் வெளிய வரணும்."

"மந்திரி எத்தனை மணிக்கு வர்றார்?"

"வந்துட்டார் சார்."

உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது. வெகுநேரம் உருண்டது.

அவள் திரும்ப வாசலுக்கு வந்தபோது கார்கள் இரண்டாவது தடவையாகத் தாண்டிக்கொண்டிருந்தன. ஃபோன் அடித்தது. அவர்தான். பின் இருக்கையில் மந்திரி. குரலில் கஞ்சி போட்ட விறைப்பு.

"வணக்கம் மேடம். ஐயா கேக்கறாங்க, பூக்கடை ரெண்டாவது தடவையா வருதேன்னு."

"வணக்கம் சார். பாதுகாப்பு ஏற்பாடுன்னு சொல்லுங்க சார்."

"சொல்லிடறேன் மேடம்." ஒரு நொடி தயக்கம். "மேடம், உங்க உடம்பு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு சார். உங்களுக்கு?"

"இளைச்சுட்டேன் மேடம்."

"யாருய்யா அது, இவ்வளவு அக்கறையா விசாரிக்கிற?" என்ற மந்திரியின் குரல் கேட்டது. ஃபோன் பட்டென்று நின்றது.

அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தொன்று. ஆறு மணி ஆகவில்லை! தூதர் மாடியில் இருக்கிறார், புருஷன் தெருவில் சுற்றுகிறார், பதிவு அறை புல்தரைக்கு அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த வரைபடத்துக்கு அடியிலிருந்து விண்ணப்பத்தை உருவி எடுத்தாள். மூன்றாவது சுற்றில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாலாவது சுற்றில் கையை உயர்த்திக் காட்டப் போய், சீ என்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஐந்தாவது சுற்றில் பூக்கடைக்காரர் மந்திரிக்குக் கை அசைத்தார்; மந்திரியும் அசைத்தார்.

இதற்குள் ஆட்கள் கம்பளத்தை விரித்துப் பூ ஜாடிகளையும் வைத்து முடித்திருந்தார்கள். தோட்டத்துப் பக்கம் விருந்தினர்களின் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. தூதருக்கு அடுத்த பதவியில் இருந்தவர் அவர்களைச் சிரித்துச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பத்தைந்து. தூதர் கோட்டை மாட்டிக்கொண்டு, காதோரம் ஈரம் சொட்ட, படியிறங்கி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, அந்தக் காதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே.

இனி சுற்ற வேண்டியதில்லை. அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஒரு வார்த்தை போதும். 'இந்தச் சுற்றில் மொழிபெயர்ப்பாளரை மட்டும் வாசலில் இறக்கிவிட்டு இன்னொரு தரம் சுத்துங்க.' டிரைவர் ஏன் என்று கேட்கமாட்டார். மந்திரியும் பாதுகாப்பு ஏற்பாடு என்று நம்பிவிடுவார். நாலு நிமிஷத்தில் கையெழுத்து முடிந்துவிடும். நாலு நிமிஷம் இல்லாவிட்டால் மூன்று வருஷம். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த நாலு நிமிஷம் அவளுடையது இல்லையே! ஒரு நாட்டு மந்திரியைத் தன் வீட்டுக் காரியத்துக்காகத் தெருவில் சுற்றவிட்டுவிட்டு, நாளைக்கு யாரிடம் போய் அவள் வரிசை பேசுவாள்?

"உள்ள வாங்க," என்றாள் டிரைவரிடம். விண்ணப்பத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

கார் கம்பளத்தின் விளிம்பில் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்தாள். முன் கதவைத் திறந்துகொண்டு அவரும் இறங்கி, மந்திரியின் தோளுக்கு ஒரு அடி பின்னால் நிற்கத் தயாரானார். நிஜமாகவே இளைத்துத்தான் இருந்தார். மந்திரி இறங்கவில்லை.

"ஏம்மா, அது என்ன தாள்?" என்றார் உள்ளேயிருந்தே.

"எது சார்?"

"ஒவ்வொரு ரவுண்டும் பார்க்கறேன். ஒரு தடவை கட்டிப்பிடிச்சுட்டு நிக்கற. ஒரு தடவை காட்ட வந்து ஒளிச்சுக்கற. எனக்கு மனுவா?"

"இல்ல சார். விருந்தினர் பட்டியல்."

வாழ்க்கையில் அவள் நேருக்கு நேர் சொன்ன முதல் அரசு முறைப் பொய். மொழிபெயர்ப்பாளர் வானத்தைப் பார்த்தார். அடுத்தவர் பேச்சை மொழி மாற்றிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். சொந்தப் பேச்சுக்கு மந்திரி முன்னால் வாய் வராது. தூதரோ நீட்டிய கையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"பட்டியலாவது, ஒண்ணாவது!" என்றார் தூதரின் மனைவி.

"நீ சும்மா இரு," என்றார் தூதர் பல்லுக்குள்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? எனக்குப் பதவியா இருக்கு, பறிபோக? சார், உங்க மொழிபெயர்ப்பாளர் இருக்காரே, அவர் இவ வீட்டுக்காரர். ரெண்டு பேரும் ஒரே ஊர்ல வேலை கேட்டு இவர் முன்னால கையெழுத்துப் போடணும். இன்னைக்கு ஆறு மணிதான் கெடு. பத்து நாளா மேசை வரைபடத்துக்கு அடியில அந்தத் தாளை வச்சுப் பார்த்துப் பார்த்து உருகறா. நான் கேட்டா, மந்திரியோட நேரத்தைத் தொடமாட்டாளாம்."

மந்திரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "உடம்பு நல்லா இருக்கான்னு கேட்டது இவங்களைத்தானா?"

"ஆமாங்க ஐயா."

மந்திரி நிமிஷத்தின் பக்கம் திரும்பினார்.

"உன் புரோகிராம்ல நான் எத்தனை மணிக்கு வர்றேன்?"

"ஆறு மணிக்கு சார்."

"இப்ப மணி என்ன?"

"அஞ்சு நாப்பத்தேழு சார்."

"அப்ப நான் இன்னும் வரவே இல்லையே! வராத ஆளுக்கு எதுக்குக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கற? மூடும்மா."

"சார், நீங்க..."

"இன்னும் மூணு ரவுண்டு போயிட்டு வர்றேன். காலையிலேருந்து ஒரே பேச்சு, காது வலிக்குது. மொழிபெயர்ப்பு வேணாம். அந்தப் பூக்கடைக்காரரும் நானும் கையாலயே பேசிக்குவோம், பழகிட்டோம்."

கதவை மூடினாள். கார் புறப்பட்டது, பின்னால் மற்ற கார்களும். மொழிபெயர்ப்பாளர் மட்டும் கம்பளத்தின் மேல் நின்றார்.

"நிக்கறீங்களே! நேரம் உங்களுக்காக நிக்குமா?" என்று தூதரின் மனைவி அதட்டிய பிறகுதான் இருவருக்கும் உயிர் வந்தது. பேனா? யாரிடமும் பேனா இல்லை. வாசல் மேசையில் வருகைப் பதிவேடு, அதன் மேல் மந்திரி கையெழுத்துப் போடுவதற்கென்று துடைத்து வைத்த தங்க மூடிப் பேனா. அதை யாரும் தொடக்கூடாது என்று காலையில் எச்சரித்ததே நிமிஷம்தான். தூதரின் மனைவி அதை லபக்கென்று எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள், அவர் போட்டார். தூதர் குனிந்து சான்று எழுதியபோது காதோரத்து ஈரம் ஒரு சொட்டு தாளில் விழுந்தது.

"தேதியைப் போடுங்க சார்," என்றாள் அவள், அந்த நிலையிலும்.

அப்புறம் ஓட்டம். புல்தரைக்குக் குறுக்கே, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தாளோடு, பக்கத்தில் கோட்டு பறக்கப் புருஷனோடு. நிமிஷம் மேடம் ஓடி அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. தோட்டக்காரர் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு தன் செருப்பை நனைத்துக்கொண்டார்.

பதிவு அறையில் இருந்த அம்மாவுக்குப் பூட்டு அக்கா என்று பேர். ஆறு அடித்தால் கையில் பூட்டு. அதைப் பழக்கியதும் நிமிஷம்தான். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம்."

"நீதானே சொல்லியிருக்கே, வாசிக்காம முத்திரை குத்தக்கூடாதுன்னு." கடைசி வரி வரைக்கும் வாசித்து, நிமிர்ந்து, அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "இவர்தானா அது? பரவாயில்ல, லட்சணமாத்தான் இருக்கார்." முத்திரை டொப்பென்று விழுந்தது. ஃபேக்ஸ் இயந்திரம் தாளை விழுங்கி மறுபக்கம் துப்பியது. "போயிடுச்சு. அஞ்சு அம்பத்திமூணு."

போயிடுச்சு! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருவரும் வாசலுக்குத் திரும்பி நடந்தார்கள். கம்பளத்தின் ஓரத்தில், அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில், வந்து நின்றார்கள். தூதரும் மனைவியும் நாலு தப்படி தள்ளி நின்று கொடிக்கம்பத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள்.

"இப்ப மணி அஞ்சு அம்பத்திநாலு," என்றார் அவர். "ஆறு மணி வரைக்கும் என்ன நிகழ்ச்சி போட்டிருக்கே?"

"ஒண்ணும் போடலைங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஆறு நிமிஷம். வெறுமனே இருக்கு."

அவர் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்தார். அவள் அவருடைய டையை நேராக்கினாள், நேராக இருந்ததை மறுபடியும் நேராக்கினாள். மந்திரியின் கார் ஒரு தரம் வாசலைத் தாண்டிப் போயிற்று. மந்திரி வேண்டுமென்றே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து இவர்களுக்குச் சிரிப்புப் பீறிட்டது. நாலு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் நின்று இப்படிச் சிரித்த ஞாபகம் அவளுக்கு இல்லை. இவரை விட்டுவிட்டு இத்தனை நாள் எப்படி இருந்தேன் என்று நினைத்தாள்.

சரியாக ஆறு மணிக்கு மந்திரி வந்தார். 6.01க்குத் தூதர் கை கொடுத்தார். 6.02க்குத் தூதரின் மனைவி, கொஞ்சமும் முகம் மாறாமல், "வாங்க சார், பயணமெல்லாம் சௌகரியமா?" என்று வணக்கம் சொன்னார். பேனா துடைக்கப்பட்டுப் பதிவேட்டின் மேல் பழையபடி இருந்தது. மந்திரியோடு வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக நிமிஷம் தூதருக்கு அறிமுகம் செய்துவைத்தாள். பதினாலாவது ஆள் வந்தார்.

"மந்திரி அவர்களின் மொழிபெயர்ப்பாளர்," என்றாள். விதிப்படி அங்கே நிறுத்த வேண்டும். அவள் நிறுத்தவில்லை. "என் வீட்டுக்காரர்."

மறுநாள் காலை, கோப்பில் வைக்க, நடந்ததை நடந்தபடி புரோகிராமின் கடைசிப் பிரதியில் குறிக்க உட்கார்ந்தாள். வருகை 6.00. தாமதம் இல்லை. அதற்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பென்சிலால் எழுதினாள்: '5.54 முதல் 6.00 வரை – சும்மா நின்றோம்.'